அஃப்ரீனின் நோயாளி

வலங்கைமான் பக்கத்து விவசாயி வீரையன் நன்றாக விளைந்த சம்பாவை அறுக்க ஆள் கூப்பிடாமல் வரப்பில் உட்கார்ந்து அழுதார். மனைவி பிரகதாம்பாள் அவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வந்து, மனநல மருத்துவன் மதிவாணனிடம் காட்டினார். மனச்சோர்வுக்கு மருந்தோடு பேச்சையும் சேர்த்துக் கொடுப்பதுதான் மதிவாணனின் ஆராய்ச்சி. வாரம் தவறாமல் வீரையனோடு உட்கார்ந்தான். வாயே திறக்காதவர் மெல்ல மெல்லப் பேசினார். சின்ன வயதில் வாய்க்காலில் மூழ்கிச் செத்த தம்பியைப் பற்றி, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னார். மதிவாணனுக்கு அதில் ஒரு பெருமை.

அந்த வருஷம்தான் அஃப்ரீன் அதே துறையில் வந்து சேர்ந்தாள். அவனைவிட இளையவள். அவளுடைய ஆராய்ச்சி ஈ.சி.டி. எனப்படும் மின்அதிர்வு சிகிச்சையில். தூக்கி வரப்பட்டவர்கள் அவளிடமிருந்து நடந்து போனார்கள். வார்டு முழுக்க அஃப்ரீன் மேடம் பேச்சாகவே இருந்தது. மதிவாணன் காதில் விழாதது போல நடந்துகொள்வான்.

ஐப்பசி மழையில் வீரையனுக்கு நோய் முற்றியது. சோறு வேண்டாம் என்றார், பிறகு தண்ணீரும் வேண்டாம் என்றார். வார்டில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"சார், இவருக்கு ஈ.சி.டி. கொடுத்துப் பாக்கலாமே?" என்றாள் அஃப்ரீன்.

"என்கிட்ட பேசிட்டிருக்கார். கொஞ்சம் பொறுங்க."

அது பொய். வீரையன் பேசுவதை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. சாப்பிட மறுக்கும் நோயாளிக்கு அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவனே அவன்தான். ஆனால் இந்த ஒருவரை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. மாத்திரையை மாற்றினான். பிறகு இன்னொரு முறை மாற்றினான்.

ஒரு காலையில் பிரகதாம்பாள் அவன் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, கரண்டு வச்சுக் குணமாக்குற டாக்டரம்மா இங்க இருக்காங்களாமே. அவங்ககிட்ட காட்டக் கூடாதுங்களா?"

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"இவரு இப்படிக் கெடக்குறதைப் பாக்குறதுக்கு மேல என்னங்க பயம்?"

அதற்கு மேல் மறுக்க அவனால் முடியவில்லை.

முதல் சிகிச்சையின்போது மதிவாணன் பக்கத்தில் நின்று பார்த்தான். மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்திருந்ததால் வீரையனின் கால்விரல்கள் மட்டும் லேசாகத் துடித்தன. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அது பலிக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. தன்னையே கண்டு கூசினான்.

பலித்தது. சில சிகிச்சைகளுக்குப் பிறகு வீரையன் ரசம் சோறு கேட்டார். நடவு முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். பிரகதாம்பாள் அஃப்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மதிவாணன் கட்டிலருகே போனதும் வீரையன் மரியாதையாகக் கும்பிட்டார்.

"வாங்க சார். புதுசா வந்திருக்கீங்களா?"

மதிவாணனுக்கு வயிறு எரிந்தது. வராந்தாவில் அஃப்ரீனை மறித்தான்.

"வாரா வாரம் உக்காந்து பேசினேன். மொத்தத்தையும் அழிச்சிட்டீங்க!"

"இந்தச் சிகிச்சையில ஞாபகம் கொஞ்சம் போறது உண்டு. மறந்ததுல கொஞ்சம் திரும்ப வரலாம் சார். வராமலும் போகலாம். அதையும் என் ஆராய்ச்சியில மறைக்காம எழுதுவேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா போன மாசமே அனுப்பியிருந்தா மனுஷன் இப்படி எலும்பாகியிருக்க மாட்டார்."

அவளே மறுபடி சொன்னாள்: "இனிமே இவர்கிட்ட உக்காந்து பேச ஆள் வேணும். இல்லேன்னா நோய் திரும்பிடும். எனக்கு அந்தப் பொறுமை வராது. நீங்க பேசுங்க சார்."

மறுநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நாம முன்னாடியே பேசியிருக்கோம், வீரையன்."

"வீட்ல சொன்னாங்க. என்னங்க பேசினோம்?"

தம்பியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தன்னை யாரென்று உடனே நிரூபித்துவிடலாம். மனிதர் இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். விழுங்கிக்கொண்டான்.

"வயலைப் பத்தி நிறையச் சொல்லுவீங்க."

வீரையன் வயலைப் பற்றித் தொடங்கினார். மடைப் பக்கம் எப்போதும் தண்ணீர் தேங்கும் என்றார். அப்போது அஃப்ரீன் வார்டுக்குள் வந்தாள். வீரையன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, முகமெல்லாம் மலர எழுந்து நின்று கும்பிட்டார். அவள் தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டுப் போனாள்.

மதிவாணனுக்கு மறுபடியும் எரிந்தது. அவர் உட்காரும்வரை காத்திருந்தான்.

"ம், மேல சொல்லுங்க."