உடையப்பன் வாங்கிய சுத்தப் பத்திரம்

உடையப்பன் சுத்தமானவன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனாம். அதை நாலு பேர் முன்னால் படித்துக் காட்ட, வருகிற ஞாயிறு குனோங் ராபாட்டுக்கு வர வேண்டும் என்று சதாசிவம் ஆள் அனுப்பியிருந்தார். 1987ஆம் ஆண்டு அது. நான் ஈப்போவில் ஒரு தனியார் லேபில் வேலை பார்த்தேன். சதாசிவம் கோயில் கமிட்டித் தலைவர். நாங்களெல்லாம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் எவன் வீட்டுச் சண்டைக்கும் தீர்ப்புச் சொன்ன வாய். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, எல்லாரும் டவுனுக்கு வந்த பிறகும் அந்த வாய் மூடவில்லை.

விஷயம் இதுதான். லோரி ஓட்டும் உடையப்பனுக்கும் நவமணிக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் அதன் கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. மாமியார் கருப்பம்மாள் தாய்ப்பாலைப் பீய்ச்சி விடச் சொன்னாள், விட்டார்கள், கண் திறக்கவில்லை. கிளினிக் டாக்டர் இமையைப் புரட்டி, உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்து எங்களுக்கு அனுப்பினார். கிளமிடியா. உடலுறவில் பரவும் கிருமி; பிறக்கும்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். நவமணியைச் சோதித்தோம், அவளுக்கும் இருந்தது. தாய்க்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மருமகள் கெட்டவள், பிள்ளையை வைத்துவிட்டுச் சிலிம் ரிவரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகட்டும் என்றாள் கருப்பம்மாள். மாதம் இரண்டு தடவை எல்லை தாண்டி, கேளிக்கைக்குப் பேர்போன ஹாட்யாய்க்கு லோட் ஏற்றிப் போய்வரும் உடையப்பன், "நானும் டெஸ்ட் எடுத்துக் காட்டுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினான்.

அவன் டெஸ்ட் எடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிருமி சீழில் மிதப்பதில்லை; உடம்பின் செல்லுக்குள் குடியிருப்பது. சீழைத் துடைத்து எடுத்துப் பயனில்லை, செல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆண் என்றால், மெல்லிய பஞ்சுக் குச்சியைச் சிறுநீர்த் துவாரத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. வலிக்கும். பெண்கள் இதைவிடப் பெரிய சோதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். மீசை வைத்தவர்கள் குச்சியைக் கண்டதுமே வியர்த்து ஊற்றுவார்கள். அதனால் எங்கள் லேபில் ஒரு சலுகை இருந்தது: ஆண்களிடம் குச்சியைக் கொடுத்து டாய்லெட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவர்களே எடுத்து வருவார்கள். மானஸ்தர்களுக்கு நாங்கள் செய்த மரியாதை.

உடையப்பன் உள்ளே போனான். வாளியைக் கவிழ்த்த மாதிரிச் சத்தம் கேட்டது. அரை நிமிடத்தில் குச்சியோடு வந்து நின்றான்.

"வலிச்சுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா, அண்ணே."

கண்ணாடித் துண்டில் தடவி, அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்த சாயத்தை ஊற்றி, இருட்டறை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். செல் இருந்தால் செங்கல் நிறத்தில் தெரியும். கிருமி இருந்தால் அதன் மேல் பச்சைப் பொடியாக மின்னும். உடையப்பனின் கண்ணாடி கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. செல் இல்லை என்றால் 'மாதிரி போதாது, மறுபடி எடுக்கவும்' என்று எழுத வேண்டும். அதுதான் முறை. ஆனால் வந்தவனை மறுபடி வரச் சொன்னால் எங்கள் லேப் முதலாளிக்கு முகம் கோணும். 'கிளமிடியா காணப்படவில்லை' என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை, நான் காணவில்லைதானே. இந்தக் கதையில் நான் கேவலமாக நினைக்கும் ஆட்களில் நானும் ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உடையப்பன் வீட்டு ஹாலில் ஆண்கள் நாற்காலியில். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நவமணி சமையலறை வாசலில். அவள் காலடியில் ஒரு பை. துணியை எடுத்து வைத்துக் கட்டியது கருப்பம்மாள். சாமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் என் தாள். அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி!

"வாங்க செபாஸ்டியன்," என்றார் சதாசிவம். "நீங்க வேதக்காரரா இருந்தாலும் நம்ம தோட்டத்து ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க. தட்டுல இருக்குற அந்தச் சுராட்டைப் படிச்சுக் காட்டுங்க."

"படிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். உடையப்பா, டாய்லெட்டுக்குள்ள போயி மொதல்ல என்ன பண்ணினே?"

"என்னாண்ணே கேள்வி இது? ஒண்ணுக்குப் போனேன்."

"போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"வந்துச்சு, போனேன்."

"குச்சியை எம்புட்டு உள்ள விட்டே?"

"உள்ளயா? சும்மா தொட்டு எடுத்தேன். அது பத்தாதா?"

அவனோடு லோரியில் போகும் சீனி சிரித்துவிட்டான். "இவனுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும் மச்சான், இவனாவது உள்ள விடுறதாவது!"

"அப்ப இந்தத் தாள் செல்லாது," என்றேன். "கண்ணாடியில பாக்கறதுக்கே ஒண்ணும் இல்ல. ஆளில்லாத வீட்டைத் தட்டிட்டு, திருடன் இல்லைன்னு எழுதின மாதிரி. எழுதினது என் தப்பு. நாளைக்கு லேபுக்கு வா, நானே எடுக்கிறேன்."

"தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் சதாசிவம். அன்றைக்கு அவர் கேட்டதில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

"ஆமா."

"ஆம்பளைக்கு எதுக்கு ரெண்டு தடவ?" என்று கருப்பம்மாள் எழுந்தாள். "அவன் என்ன பச்சப் புள்ளையா, போட்டுக் குத்துறதுக்கு?"

"பச்சப் புள்ளையோட ரெண்டு இமையையும் சுரண்டினாங்கம்மா. அது தாங்குச்சு."

சதாசிவம் தொண்டையைச் செருமினார். காற்று மாறினால் அவர் தீர்ப்பும் மாறும். "சரி, ஆம்பள விஷயம், அதைக் கிளறாதீங்க. நவமணி இங்கேயே இருக்கட்டும். ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க. டீ ஆறுது, குடிங்க."

பெரிய தர்மம் செய்துவிட்ட முகம். அப்போதுதான் நவமணி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, எனக்கு மாத்திரை முடியப் போவுது. இவரு சாப்பிடலைன்னா என்னாவும்?"

"திரும்ப உனக்கு வரும்மா."

"அடுத்து ஒரு புள்ள பொறந்தா?"

"அதுக்கும் வரலாம்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு லேபுக்குப் போறீங்களா?"

உடையப்பன் சீனியைப் பார்த்து இளித்தான். "பாப்போம் லா."

நவமணி குனிந்து பையை எடுத்தாள். கருப்பம்மாள் வாசலை மறித்து நின்றாள். "போறதுன்னா போ. புள்ளைய வச்சிட்டுப் போ."

"எந்தச் சுராட்டைக் காட்டிப் புள்ளையக் கேக்குறீங்க, அத்தை?"

கருப்பம்மாள் சதாசிவத்தைப் பார்த்தாள். சதாசிவம் டீயைப் பார்த்தார். அந்த இடைவெளியில் நவமணி வாசலைத் தாண்டிவிட்டாள். என் காடியிலேயே பஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவள் பிள்ளையின் மருந்து வேளையைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

உடையப்பன் மூன்று வாரம் கழித்து லேபுக்கு வந்தான். டெஸ்டுக்கு இல்லை. பாகான் செராயில் அவனுக்கு இன்னொரு பெண் பார்க்கிறார்களாம். பெண் வீட்டில் காட்ட, அந்தத் தாளுக்கு ஒரு நகல் வேண்டுமாம்.

"உள்ள வா, நானே எடுக்கிறேன்," என்று கையுறையை மாட்டினேன்.

லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஓடியே போனான்.