அவரவர் நம்பர் போட்ட பிரவுனி

ரோன்டா வெசெலி அன்றைக்கு முட்டையை உடைத்த வேகத்தில் பாதி ஓடு மாவுக்குள் விழுந்தது. ஓட்டைப் பொறுக்கினாள், தன்னையே திட்டிக்கொண்டாள், அடுத்த முட்டையை எடுத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது பாத்திரங்களுக்குத்தான்.

அன்று வியாழக்கிழமை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் சீசன் முடியும்வரை வியாழன் மாலைகளில் பையன்கள் எல்லோரும் பள்ளி உணவுக்கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மறுநாள் மேட்ச். அந்தச் சாப்பாட்டை அம்மாக்கள் முறைவைத்துச் செய்வார்கள். ஸ்பகெட்டியை யார் வேண்டுமானாலும் கிண்டிக் கொண்டுவரலாம், ஆனால் பிரவுனி கேக் ரோன்டாவுடையது. பந்தின் முட்டை வடிவத்தில் வெட்டி, மேலே சாக்லேட் பூசி, வெள்ளை ஐசிங்கால் பந்தின் தையலை வரைந்து, அதன் கீழே ஆளுக்கொரு ஜெர்ஸி நம்பர் போட வேண்டும். அவனவன் தன் நம்பரைத்தான் தின்ன வேண்டும். அடுத்தவன் நம்பரைத் தின்றால் மேட்ச் போய்விடும் என்று நம்பாதவர் அந்த நெப்ராஸ்கா ஊரில் ஒருவரும் இல்லை, பாதிரியார் உட்பட.

நாளைக்கு அரையிறுதி. ரோன்டாவின் மகன் டால்டன், அறுபத்திரண்டாம் நம்பர், ஆடலாம் என்று அன்று காலையில்தான் அனுமதி வந்திருந்தது. அதற்குத்தான் அவளுக்கு இத்தனை கோபம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேட்சின் நடுவில் எதிரணித் தடியன் ஒருவன் டால்டனின் ஹெல்மெட்டில் ஹெல்மெட்டால் இடித்தான். டால்டன் எழுந்தான், தூசியைத் தட்டினான், நேராக நடந்து போய் எதிரணி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ரோன்டாவும்தான் சிரித்தாள், பாவி. பிறகு காரில் வரும்போது அவன் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். மூளை குலுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆகஸ்டில் சீசன் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். வார்த்தைகளை ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும், நிறம் மாறினால் பொத்தானை அழுத்த வேண்டும். அடிபட்டவன் அதே டெஸ்டை மறுபடி எழுதி, ஆகஸ்டில் வாங்கிய மார்க்கை எட்டினால்தான் மைதானத்துக்குத் திரும்பலாம்.

டால்டன் எட்டிவிட்டான். எட்டியது மட்டுமல்ல, தாண்டியும் விட்டான்.

"பாத்தியா? என் பையன் மண்டை இரும்புடி!" என்று அவள் கணவன் கர்ட் சமையலறையில் நின்று பீர் கேனைத் திறந்தான். வெட்டியது போக மிஞ்சிய பிரவுனி ஓரங்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இரும்பா இருந்தா ஏன் வீட்டுக்குள்ள தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு அலையுறான்? லைட்டைப் போட்டாலே கண்ணை மூடிக்கிறான்."

"பதினேழு வயசுப் பையன் தொப்பி போடாம வேற என்ன போடுவான்? டாக்டரே சொல்லிட்டாரு, மெஷினே சொல்லிருச்சு. உனக்கு மட்டும் என்ன சந்தேகம்?"

மார்க் மார்க்தானே. கத்தியை வெந்நீரில் முக்கி, மீதிப் பிரவுனியையும் வெட்டித் தள்ளி, மேலே சாக்லேட்டைப் பூசினாள். பையன் சரியில்லை என்று பெற்ற வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது. வயிறு சொல்வதை எந்த டாக்டரிடம் போய்க் காட்டுவது?

"டால்டன்! சாக்லேட் இறுகிருச்சு, வா!"

தையல் போடுவது சின்ன வயதிலிருந்தே அவன் வேலை. கை மண்வெட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஐசிங் பையைப் பிடித்தான் என்றால் கோடு நூல் பிடித்த மாதிரி விழும். மற்ற அம்மாக்கள் ரோன்டாவின் கைவேலை என்று புகழ்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

அவன் வந்து உட்கார்ந்தான். முதல் கோடு பிரவுனியை விட்டு வெளியே போய்த் தட்டில் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி போட்டான். குறுக்குத் தையல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

"நம்பர் சொல்லும்மா."

"ஐம்பத்தி நாலு."

போட்டான்.

"பதினேழு."

எழுபத்தொன்று போட்டான்.

"முப்பது."

அவன் பையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிரவுனியையே பார்த்தான். பிறகு ஐம்பத்து நான்கு போட்டான்.

"டால்டன், நான் என்ன நம்பர் சொன்னேன்?"

"இப்ப சொன்னியே, அதான்."

"எது?"

"வெள்ளையாப் பளபளன்னு இருக்கும்மா, கண்ணு கூசுது. அதான்."

"நாளைக்கு மேட்ச் இல்லையா, படபடப்பு," என்றான் கர்ட். "விடு அவனை."

ரோன்டா கையைத் துடைத்துக்கொண்டு மகனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "ஒரு நம்பரைச் சொன்னா வாய் மூடறதுக்குள்ள மறந்துடற. இன்னிக்குக் காலைல நீ எப்படிடா பாஸ் பண்ண?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவள் மகனின் கண் போன வழியே கணவனைப் பார்த்தாள். கர்ட் மிஞ்சிய பிரவுனித் துண்டை ஆராய்ந்துகொண்டிருந்தான், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"சொல்லுடா."

"ஆகஸ்ட் மார்க் ரொம்பக் கம்மிம்மா. தாண்டறது கஷ்டமே இல்ல."

"ஏன் கம்மி? கணக்குல நீ ஏ கிரேடு வாங்கறவன்."

"வேணும்னே கம்மியா எழுதணும். தெரிஞ்ச வார்த்தையைத் தெரியலன்னு சொல்லணும், பட்டனை லேட்டா அழுத்தணும். அப்பத்தான் அடிபட்டாலும் பாஸ் ஆகலாம்." அவன் குரல் இறங்கியது. "அப்பாதான் சொன்னாரு."

ரோன்டாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான் ரோன்டா," என்றான் கர்ட். "ஒரு சின்ன இடிக்கு ஒரு மாசம் உக்கார வெச்சிடுவாங்க. நாளைக்கு ரெண்டு காலேஜ்லேருந்து டீமுக்கு ஆள் எடுக்க வராங்க. எங்க காலத்துல டெஸ்டே கிடையாது. நான் எத்தனை இடி வாங்கினேன், எனக்கென்ன ஆச்சு?"

"உனக்கென்ன ஆச்சா? வாரத்துக்கு மூணு நாள் இருட்டு ரூம்ல தலையைப் புடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கியே, அது என்ன? டிவி சத்தம் கூட உனக்கு ஆகலையே, அது என்ன? உன் மண்டையை வித்துத் தின்னாச்சு. இப்ப என் புள்ள மண்டையையும் விக்கறியா?"

"வாயை அடக்கிப் பேசு!"

"அடக்க மாட்டேன்! பொய் சொல்ல நீயே சொல்லிக்குடுத்திருக்க. அதுவும் எதுல? அவன் மூளை இருக்கா இல்லையான்னு பாக்கற டெஸ்டுல!" மகன் கையிலிருந்த ஐசிங் பையைப் பிடுங்கி அவள் பிழிந்த பிழியில் அது வெடித்துக் கர்ட்டின் சட்டையெல்லாம் வெள்ளையானது. வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

"அம்மா, நான் ஆடலைன்னா என்னைப் பயந்தாங்கொள்ளின்னுவாங்க," என்றான் டால்டன். "நான் மட்டுமா பண்ணேன்? எல்லாரும்தான் பண்ணாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

ரோன்டா எழுந்தாள். இன்னொரு பையில் ஐசிங் நிரப்பி, தப்பு நம்பர்களை அழித்து, மீதித் தையலையும் நம்பர்களையும் தானே போட்டாள். அழகெல்லாம் பார்க்கவில்லை. அறுபத்திரண்டு மட்டும் போடவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மகனைப் பார்த்து, "கார்ல ஏறு," என்றாள். கர்ட் சட்டையைத் துடைத்துக்கொண்டே கத்தினான்: "அங்க போய் மானத்தை வாங்கப் போறியா? போ, ஊரே சிரிக்கட்டும்!" அவள் கதவைச் சாத்திய சத்தம் அவன் தலைவலிக்கு நிச்சயம் ஆகியிருக்காது.

உணவுக்கூடத்தில் ஸ்பகெட்டி முடிந்து பையன்கள் கையைச் சூப்பிக்கொண்டிருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் மேஜையைத் தட்டி, "பிரவுனி! பிரவுனி!" என்று கூச்சல் போட்டார்கள். கோச் ப்ரூனர் சிரித்துக்கொண்டே வந்தார். ஊரில் மேயரை விட மதிப்புள்ள மனிதர். "வாங்க ரோன்டா, உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க பசங்க. டால்டன், ஏன் வாசல்லயே நிக்கிற? வாடா உள்ள."

"அவன் நாளைக்கு ஆடல, கோச்," என்றாள் ரோன்டா. "ஆகஸ்ட் டெஸ்டை வேணும்னே தப்பா எழுதியிருக்கான். இன்னிக்கு வாங்கின மார்க்குக்கு மதிப்பே இல்ல."

கூச்சல் அடங்கிவிட்டது. டால்டன் தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொண்டான்.

கோச் குரலைத் தாழ்த்தினார். "இதை நாம ஆபீஸ்ல போய்ப் பேசலாமே. ஒரு பையன் பண்ண தப்புக்கு..."

"ஒரு பையனா?" ரோன்டா தட்டை மேஜையில் வைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆகஸ்ட் டெஸ்டை எவன் உண்மையா எழுதினானோ, அவன் வந்து தன் நம்பரை எடுத்துக்கலாம். மத்தவன் கையை வைக்கக் கூடாது."

யாரோ கெக்கே என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஸ்பகெட்டி இரண்டு தட்டு தின்றாலும் பிரவுனிக்கு வயிற்றில் தனி அறை வைத்திருக்கும் பையன்கள் அவர்கள். ஒருவனும் எழவில்லை. தோள் அகலமாகவும் கழுத்து தடியாகவும் இருந்தவர்கள் எல்லாம் காலி டம்ளரைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி மேஜையிலிருந்து ஒல்லியாக ஒருவன் எழுந்து வந்தான். மைலோ, மூன்றாம் நம்பர், பந்தை உதைத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்கிறவன். தன் பிரவுனியை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னான்: "என்னைத்தான் யாரும் இடிக்கறதில்லையே, மிஸஸ் வெசெலி."

அவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ரோன்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்களில் பாதிப் பேருக்கு அவள் மூக்குத் துடைத்து விட்டிருக்கிறாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபம் இத்தனை பேருக்கும் போதாது என்று தோன்றியது.

கோச்சின் முகம் சிவந்துவிட்டது. "போதும், ரோன்டா. இவங்களை நான் எட்டு வயசுலேருந்து வளர்க்கறேன். ஃபுட்பாலுக்கு முன்னாடி இவங்களுக்கு நான் சொல்லிக்குடுத்தது நேர்மை. உங்க வீட்டுல நடந்ததை என் டீம் தலையில கட்டாதீங்க." அவர் கை தட்டின் மேல் தேடி, பன்னிரண்டாம் நம்பரை எடுத்தது. பந்தை வீசுகிறவன் நம்பர் அது, அவருடைய மகன் காரெட்டின் நம்பர். "இந்தாங்க, இப்பவே காட்டறேன். காரெட், எழுந்து வா. வந்து எடுத்துக்கோ."

காரெட் எழவில்லை.

"காரெட், கூப்பிடறேன் இல்ல?" கோச் பிரவுனியை மகன் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். சாக்லேட் அவர் விரலில் உருக ஆரம்பித்தது. "போன மாசம் ரெண்டு தடவை தலையில அடிபட்டு விழுந்தியே. ரெண்டு தடவையும் பாஸ் பண்ணியே. வாடா."

காரெட் தலையை நிமிர்த்தவில்லை. மேஜையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்:

"உக்காருங்கப்பா."