பல்செட் போட்ட ஆடும் பிஜியின் லென்ஸும்

கண்ணில் இறுகிப்போன கான்டாக்ட் லென்ஸை ஓர் ஆட்டைக் கொண்டு கழற்றியவன், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே நான் ஒருவன்தான். உலகத்திலும் வேறு ஆள் இருப்பதாகத் தகவல் இல்லை.

அக்காள் மகள் பிஜி, பகல் முழுக்க ஏசி அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் லென்ஸோடு தூங்கி வெள்ளறடையில் வந்திறங்கினாள். கண் தெச்சிப்பூவாகச் சிவந்திருந்தது. லென்ஸ் அசையவில்லை. கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

லென்ஸ் கண்ணீரில் மிதக்கிற பொருள். ஒவ்வொரு இமைப்புக்கும் பழைய கண்ணீர் ஓரமாக வெளியேறும், புதியது அடியில் புகும். கருவிழி மூச்சுவிடுவதற்கு அதுவும் வேண்டும். பிஜிக்கு அந்த ஈரம் வற்றியிருந்தது. லென்ஸுக்கான சொட்டுநீரை விட்டேன். மேலோடு வழிந்து கன்னத்தில் இறங்கியது. இமைத்தால்தானே அடியில் போகும்? அவள் பயத்தில் முழித்தபடியே இருந்தாள்.

“இமைச்சுக்கிட்டே இரு மக்கா.”

“நோவுது மாமா. பிச்சு எடுத்திருவேன்.”

“பிச்சா கருவிழித் தோலும் கூட வரும்.”

அவள் விரல் கண்ணருகே போயிருந்தது. அவள் அப்பா ராஜையா அத்தான், “ஏதாவது செய்யேன்டே,” என்றார்.

செய்தேன்.

“பிஜி, சர்ச்சு அறுப்புப் பண்டிகை ஏலத்தில உங்கப்பா பல்செட்டைக் கழத்தி பெஞ்சில வச்சிட்டுப் பாயசம் குடிச்சாரு, கேட்டியா. ஏலத்துக்கு வந்த ஆடு அதை எடுத்து மாட்டிச்சு. ஆட்டுக்கு மேல முன்பல்லு கிடையாதுல்லா? அண்ணைக்கு இருந்திச்சு. சபையைப் பாத்து ஒரு சிரி. ஏலம் மளமளண்ணு ஏறிப்போச்சு. நல்ல குடும்பத்து ஆடுண்ணு சொல்லி ஒரு காஞ்சிரங்குளத்துக்காரர் கொண்டு போனாரு.”

“எலே, வாயைத் தெறந்தா பொய்யாக்கும்,” என்றார் அத்தான்.

பிஜியின் உதடு துடித்தது. இமை ஒருமுறை அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் லென்ஸின் ஓரம் நூலளவு நகர்ந்ததைப் பார்த்தேன். அதோடு நின்றுவிட்டது.

“உள்ளதா அப்பா?”

அத்தான் சபைச் செயலாளர். ஆராதனைக்கு வந்த தலைகளைப் போதகர் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் எழுந்து நின்று திருத்துகிறவர். என் கதை எதற்கும் அவர் தலையசைத்ததில்லை. மகளின் விரல் மறுபடி கண்ணுக்குப் போவதைப் பார்த்தார்.

“உள்ளதாக்கும்,” என்றார்.

பிஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இமைகள் படபடத்தன; நெய்யாறு கரை புரண்டதுபோல் கண்ணீர் கொட்டியது. லென்ஸ் வழுக்கி ஓரத்துக்கு வந்தது. விரலில் ஏந்திக்கொண்டேன். கண் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை லென்ஸ் கூடாது என்றேன்.

யாரும் கேட்காமலே அத்தான் தொடர்ந்தார். “காஞ்சிரங்குளம் வரைக்கும் போய்க் கேட்டேன். ஆடு பல்லைத் தரமாட்டேண்ணு சொல்லிப்போட்டுது.”