வாத்தியாரின் படிவம்

"நீ காலையில வேலைக்குக் கிளம்பிட்டா, எனக்குச் சாப்பாடு யாரு கட்டுவா? உங்கப்பன் வருவாரா?" என்றார் வாத்தியார், நீட்டிய கையை மடக்காமல். மனைவி அந்தக் கையில் சட்டையை வைத்தாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்பு அவள் பார்த்ததுதான். பதினொரு வருஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. வேலைக்குப் போகிற பொறுப்பெல்லாம் அவளுக்கு வராது என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பொறுப்பைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆளேது? தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பணிப்பண்புப் பாடமே அவருடையதுதான். நேரம் தவறாதே, உன் வேலையை நீயே செய், கூட உழைப்பவரை மதி என்று வாய் வலிக்க முழங்குவார். ஊருக்குத்தானே உபதேசம், வீட்டுக்கு எதற்கு?

இந்த வாரம் மாணவர்களுக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார். வீட்டில் அவரவர் வேலை செய்யும் லட்சணத்தை வீட்டார் ஒளிவுமறைவில்லாமல் எழுதித் தர வேண்டும். முதல் படிவம் தன்னுடையது, வகுப்பிலேயே உரக்கப் படிப்பேன் என்று பீற்றிக்கொண்டும் வந்திருந்தார்.

"எல்லாத்துக்கும் நல்லதா எழுதிப் பையில வை," என்று படிவத்தை மனைவியிடம் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடச் சொன்னார். அவள் எழுதினாள். பையைத் திறந்து பார்க்கிற வழக்கம் அந்தப் பெரிய மனிதருக்கு என்றைக்குமே கிடையாது.

வகுப்பில் படிவத்தை உருவி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"நேரம் தவறாமை. மூன்றாம் தடவை எழுப்பினால் எழுந்துவிடுவார்."

முன்வரிசை சிரித்தது. வாத்தியாருக்குக் காது சுட்டது. நிறுத்தினால் மானம் போகும், படித்தாலும் போகும்.

"தன் வேலையைத் தானே செய்தல். கையைத் தானே நீட்டுவார்."

தாளை மடிக்கப் போனார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிச்சத்தையும் படிங்க சார். ஒளிவுமறைவு இல்லாமன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் சிரிக்கவில்லை. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நன்றி சொல்லுதல். பதினொரு வருஷத்தில் கேட்டதில்லை. இவரிடம் தொடர்ந்து வேலை செய்வீர்களா? யோசித்துச் சொல்கிறேன். இப்போது நேரமில்லை, பத்து மணிக்கு நான் வேலையில் சேர வேண்டும்."

சுவரில் மணி பத்தரை. வாத்தியார் அவசரமாகப் பையைத் துழாவினார். சாப்பாட்டு டப்பா இல்லை.