ஐஸ் விதி

"இந்தத் தடவை எங்க வேணும்னாலும் போலாம். நீயே பார்த்து முடிவு பண்ணு" என்றான் வீப்ரன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

சனிக்கிழமைச் சந்தையைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்தாள் ஹில்ட்யே. "எங்க போறது?"

"வெயிலுக்குத்தான். ஜனவரியோ பிப்ரவரியோ, உனக்கு எப்ப தோதோ அப்ப."

அவள் காபிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் ரொட்டியின் மேல் பாலாடைக்கட்டித் துண்டை ஓரம் பிசகாமல் பொருத்திக்கொண்டிருந்தான். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து ஹில்ட்யே அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். நவம்பரில் மூடிக்கொள்ளும் வானம் மார்ச்சில்தான் கண் திறக்கும் இந்த ஃபிரிஸ்லாந்துச் சீமையை விட்டு, நட்ட நடுக் குளிர்காலத்தில் ஒரே ஒரு வாரம், வெறும் செருப்போடு நடக்கக்கூடிய ஒரு ஊர். அவனும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்களில்தான் குற்றம் கண்டுபிடிப்பான். மதீரா என்றால் ஊரே ஏணி மாதிரி நிற்கிறது என்பான். சைப்ரஸ் என்றால் அங்கே இடது பக்கமாக வண்டி ஓட்டுகிறார்கள், வாழ்க்கை பூராவும் பஸ் ஓட்டியவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்பான். ஸ்பெயின் கடற்கரை முழுக்க நம்ம ஆட்கள்தான், அதற்கு இங்கேயே இருந்துவிடலாம். எகிப்து வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. இத்தனைக்கும் ஜூலை மாதம் எங்கே கூப்பிட்டாலும் மறுபேச்சு இல்லாமல் வந்துவிடுவான். போர்ச்சுகலில் உச்சி வெயிலில், தொப்பிகூட இல்லாமல், அவளுக்கு முன்னால் மலையேறியவன்தான்.

உண்மைக் காரணம் வொர்க்கும் என்ற அவர்கள் ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அவன் இல்லாத நேரம் பார்த்து ஐஸ் வந்துவிட்டால் என்ன செய்வது?

பதினொரு ஊர்களைச் சுற்றி, உறைந்த கால்வாய்கள் மேல் இருநூறு கிலோமீட்டர் ஸ்கேட்டில் போகிற பந்தயம் கடைசியாக நடந்தது 1997 ஜனவரியில். வீப்ரன் அதில் போனான். எதிர்க்காற்றில் கண்ணிமை ஒட்டிக்கொள்ள, முழங்காலில் ரத்தத்தோடு டொக்கும் என்ற ஊருக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, பந்தயக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் வாங்க வேண்டிய முத்திரையைக் குத்தும் பந்தலை மூடிவிட்டார்கள். கம்பளியோடு கூட்டி வரப் போன ஹில்ட்யேயிடம், "பரவாயில்ல, அடுத்த தடவை" என்றான். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. கால்வாய்கள் அதன்பிறகு அப்படி உறையவே இல்லை. சில வருடம் வாரக்கணக்கில் மழை, சில வருடம் காலையில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு ஏடு படிந்து மத்தியானம் கரைந்துவிடும். ஆனாலும் புது வருடம் பிறந்துவிட்டால் அவன் தினமும் சைக்கிளில் ஊருக்கு வெளியே கால்வாய்க்கரைக்குப் போவான். நாணல் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பான். "என் சக்களத்தி வர்ற மாசம்" என்று ஹில்ட்யே தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு பாதி நிஜம்.

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பயண நிறுவனத்தின் வண்ணப் புத்தகங்களை மேசையில் பரப்பினாள். கேனரித் தீவுகளில் ஒன்றான ஃபுவெர்த்தவெந்துராவின் பெயரை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் எடுத்த எடுப்பில், "ஏன், உன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். ஹில்ட்யே சிரித்தாள். தொலைபேசியை வைத்த பிறகு அந்தக் கேள்வி மட்டும் போகாமல் நின்றது. இரவுச் சாப்பாட்டின்போது அவனை உற்றுப் பார்த்தாள். பட்டாணிச் சூப்பை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தான். மீசையில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு விசிலடித்தான். நோயாளி மாதிரி இல்லை. ஆனால் அந்த வாரத்தில் இரண்டு முறை அவனோடு கால்வாய்ப் பாலத்தைக் கடந்தாள். இரண்டு முறையும் அவன் தண்ணீர்ப் பக்கம் திரும்பாமலே கடந்துபோனான்.

பயண நிறுவனத்தை இப்போது நடத்துவது நின்கே. பள்ளிக்கூடக் காலத்தில் வீப்ரனின் பஸ்ஸில் முன் இருக்கைக்குச் சண்டை போட்டவள். அவளுடைய அப்பா ஆரம்பித்த கடை அது. தொண்ணூற்றேழில் பந்தயம் அறிவித்தபோது ஊர்க்காரர்கள் பலர் கேனரித் தீவுகளில் மாட்டிக்கொண்டு, விமானத்தில் இடம் கிடைக்காமல், நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்து அழுதார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு ஏற்பாடு செய்தார். ஐஸ் ஆளைத் தாங்கும் என்று ஊர் ஐஸ் சங்கம் கால்வாயில் கொடி ஏற்றிவிட்டால், கொஞ்சம் கூடுதல் பணம் கட்டியவர்கள் பயணத்தை வேறு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐஸ் விதி என்று அதற்குப் பெயர். ஸ்கேட்டில் நிற்கக்கூடத் தெரியாதவர்களும் அதை வாங்குவார்கள். வாங்காவிட்டால் ஐஸுக்கே மரியாதை இல்லை என்கிற மாதிரி.

"பிப்ரவரி முதல் வாரம், கடலைப் பார்த்த ரூம், காலைச் சாப்பாடு சேர்த்து" என்று எதிரே உட்கார்ந்திருந்த இருவரிடமும் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்த நின்கே, "ஐஸ் விதி வழக்கம்போல போட்டுடறேன் மாமா" என்றாள்.

"அது வேண்டாம்மா."

நின்கே சிரித்தாள். "நல்லா இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா வேற யாருக்குப் போடறது?"

"நிஜமாத்தான் சொல்றேன். வேண்டாம்."

நின்கே ஹில்ட்யேயைப் பார்த்தாள். பிறகு அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். இயந்திரத்தில் தாள் கட்டாக இருந்தது ஹில்ட்யேயின் கண்ணுக்கே தெரிந்தது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் ஹில்ட்யே, குரலைத் தாழ்த்தி. "டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்காத."

"டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. குதிரை மாதிரி இருக்கேன்."

"அப்ப போட்டுக்கோயேன். சும்மா கிடந்துட்டுப் போகுது."

வீப்ரன் மேசைமேல் இருந்த சின்ன விமானப் பொம்மையை எடுத்து இறக்கையைத் தடவினான். "போன குளிர்காலத்துல ஒருநாள் பின்வாசல் வழியா வந்தேன். நீ ஜாம் பாட்டில் மூடியைக் கதவிடுக்குல வெச்சு, பாட்டிலை ரெண்டு மணிக்கட்டாலயும் பிடிச்சுத் திருகிட்டிருந்த. மூடி திறந்ததும் தரையில உக்காந்துட்ட. நான் அப்படியே வெளிய போயிட்டேன்."

ஹில்ட்யே கைகளை மடியில் மறைத்துக்கொண்டாள். விரல் மூட்டுகள் வருடா வருடம் ஈரக் குளிரில் வீங்குவது அவனுக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்று தெரியாதபடி பார்த்துக்கொண்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். "உன்னைக் கூப்பிட்டிருப்பேன். நீ கால்வாய்க்கரையில இருந்த" என்றாள்.

"அதேதான். தண்ணியைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். உறையாத தண்ணியை."

"அதுக்குத்தான் கேனரிக்கு வர்றியே. விதியைப் போட்டுக்கிட்டு வாயேன். யார் வேண்டாம்னா?"

"போட்டா நான் அங்கயும் இங்கதான் இருப்பேன் ஹில்ட்யே. நீ கடல்ல காலை நனைச்சிட்டு இருப்ப, நான் இந்த ஊர்ல எத்தனை டிகிரின்னு போனைப் பார்த்துட்டு இருப்பேன். உனக்குத் தெரியாதா என்னை?"

தெரியும். நன்றாகவே தெரியும். அவன் சொன்ன காட்சி அவளுக்கு அப்படியே கண்முன் வந்தது, அவன் நெற்றிச் சுருக்கம் உட்பட. ஆனால் விதி இல்லாமல் வருகிற வீப்ரன் எப்படி இருப்பான் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் காத்திருப்பைக் கழித்துவிட்டால் இந்த மனிதனில் என்ன மிஞ்சும்? ஐஸைத் திட்டித் திட்டியே குடித்தனம் நடத்தியவள் அவள். இன்று அவன் அதைக் கைவிட்டு நிற்கும்போது, யாரோ வேண்டியவர் இறந்த செய்தியைக் கேட்டது போல இருந்தது. விதியைப் போடச் சொன்னால் பழைய வீப்ரன் பிழைத்துக்கொள்வான். போடாவிட்டால் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், முழு வீப்ரன் அவளுக்குக் கிடைப்பான். எத்தனையோ வருடமாக அவள் கேட்டது வெயிலையா, இதையா?

நின்கே திரும்பி வந்து உட்கார்ந்தாள். விரல்கள் விசைப்பலகை மேல் காத்திருந்தன. "அத்தை, என்ன போடட்டும்?"

"வேண்டாம்னு போடும்மா" என்றாள் ஹில்ட்யே. தன்னலம்தான். அது தெரிந்தேதான் சொன்னாள்.

டிசம்பர் முழுக்க மழை. வசந்தத்தில் பூக்க வேண்டிய டாஃபோடில் செடிகள் ஜனவரியிலேயே அவசரப்பட்டு முளைவிட்டன. ஹில்ட்யே ஒவ்வொரு நாள் மழைக்கும் மனதுக்குள் நன்றி சொன்னாள். வீப்ரன் தையல் பிரிந்த கோடைச் செருப்பைத் தானே ஒட்டினான், தீவின் வரைபடத்தை விரித்து எந்த மீன் கடைக்குப் போகலாம் என்று அவளிடம் கேட்டான். அப்படி அவன் எதையும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாதக் கடைசியில் காற்று திசை மாறி, ஐஸைக் கொண்டுவரும் கிழக்குக் காற்று அடிக்கத் தொடங்கியது.

முதல் நாள் யாரும் எதுவும் பேசவில்லை. இரண்டாம் நாள் இரும்புக்கடைக்காரர் ஸ்கேட்டுகளை எடுத்து வாசலில் மாட்டினார். மூன்றாம் நாள், வருடம் பூராவும் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்கிற ஆட்கள் பாலத்தில் கூடி நின்று சத்தமாகப் பேசினார்கள். வீப்ரன் வீட்டில் உட்கார்ந்து அரைக்கைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். ஹில்ட்யேதான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனில் வானிலை பார்த்தாள். எது வரவேண்டும் என்று எதிர்பார்த்துப் பார்க்கிறாள் என்பது அவளுக்கே பிடிபடவில்லை. குளிர் கூடினால் பயந்தாள், ஒரு டிகிரி ஏறினால் ஏமாற்றமாக இருந்தது. நின்கேயையும் ரகசியமாகக் கூப்பிட்டாள்.

"இப்ப அந்த விதியைச் சேர்க்க முடியுமாம்மா?"

"கிழக்குக் காத்து அடிக்க ஆரம்பிச்சா சேர்க்கக் கூடாதுன்னு அப்பா அப்பவே சொல்லிட்டார் அத்தை. இல்லாட்டி ஊரே கியூவுல நிக்கும்." பிறகு, "மாமாவா கேக்கச் சொன்னாரு?" என்றாள்.

"அவர்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லிடாத."

கிளம்புகிற காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வீப்ரன் இன்ஜினை ஓடவிட்டான். பெட்டிகளை ஏற்றினான். ஹில்ட்யே வாசலில் நின்று கோட்டுப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் விரல்கள் மரக்குச்சிகளாக இருந்தன. அவன் வந்து அவள் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, கீழ்ப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் முதுகு கால்வாய்ப் பக்கம் இருந்தது.

அவன் தோளுக்கு மேலாக அவள் பார்த்தாள். கால்வாய் கரையிலிருந்து கரைவரை சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது. பாலத்தடியில் மட்டும் ஒரு குட்டை அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். ஊரிலுள்ள வாத்துகள் எல்லாம் அதில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் நின்ற ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து ஐஸின் மேல் வீசினார். கல் உள்ளே போகவில்லை. கம்பியை மீட்டியது போன்ற ஓசையோடு வழுக்கி வழுக்கி ஓடியது.

வீப்ரனின் கைகள் நின்றன.

"வீப்ரன்" என்றாள்.

"தெரியும். விடியறதுக்கு முன்னாடியே போய் நின்னு பார்த்துட்டேன்" என்றான். "தாங்கும்." பிறகு, "கழுத்தைக் கொஞ்சம் நிமித்து" என்றான்.

அவள் முகவாயை உயர்த்தினாள். கல் இக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓசை இன்னும் அடங்கவில்லை. அவன் தலையை லேசாகச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். கடைசிப் பொத்தான் அவன் இரண்டு விரல்களுக்கு நடுவே, போடப்படாமலே இருந்தது.