பாதித் தேங்காய்

…ரோமாபுரிச் சிம்மாசனத்தின் விலை காவற்காரன் ஒருவனுக்கு இருபத்தையாயிரம் காசு, படைவீட்டு மதிலில் நின்று ஏலம் கூறினார்களாம், காலையில் வீடிருக்கும் புறநகர் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து காரில் வரும்போது மகள் யதுர்ஷா சொன்னது, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வரலாற்றுப் பரீட்சை. ஏலத்துக்கு முந்திய அரசர் பெர்டினாக்ஸ், வந்த சூட்டோடு பழைய அரசனின் பட்டாடையையும் தேரையும் விற்று, காவற்படையின் கொட்டத்தை அடக்கி, மனைவிக்குக் கொடுக்க வந்த பட்டத்தையும் மறுத்து… மூன்று மாதம் தாண்டவில்லை, அதே காவற்படை வாளோடு வந்து கொன்றுவிட்டது. “அவர் ஓடித் தப்பியிருக்கலாம் அப்பா, வெளியிலை வந்து கதைச்சவர்.” அப்போது இந்திரகுமாருக்குச் சிரிப்பு வந்தது, இப்போது கோயில் வாசலில் அம்மாள் அலங்காரத்தோடு வாகனத்தில், காவுதடிகள் நிலத்தில், தூக்க வேண்டிய எட்டுப்பேரும் கைகட்டி நிற்கிறார்கள், வெளியே தூறல், வீதியை மறித்துத் தந்த பொலிஸ்காரி கடிகாரத்தைப் பார்க்கிறாள். என்ன பெரிய சட்டம் போட்டுவிட்டான்? கோயிற்சபையின் புதுத் தலைவர் என்று முதல் கூட்டத்திலேயே, இனி ஒருவருக்கும் காளாஞ்சி இல்லை, தேங்காய்ப் பாதியும் வெற்றிலையும் மாலையும் பெயர் கூப்பிட்டு முதலில் வாங்குகிற மரியாதை இல்லை, எல்லோருக்கும் வரிசையில் ஒரே பிரசாதம்… எல்லோரும் கைதட்டினார்களே, இந்த எட்டுப்பேரும் தட்டினார்களா, பார்த்தானா?

“வரிசையிலை நிண்டு வாங்கிறவை தூக்கட்டும் தலைவர்,” என்கிறார் பாலேந்திரன், முன்தடிக்காரர், கோயில் தொடங்கின நாளிலிருந்து தோள் கொடுப்பவர். “பாலா அண்ணை, அது பாதித் தேங்காய்தானே.” “ஓம், பாதித் தேங்காய்தான். பின்னை ஏன் தர மனமில்லை?” யாரோ சிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் புடவைக் கடையில், விலை சொல்லிவிட்டு முதலில் வாய் திறப்பவன் தோற்றான், பேசாமல் இருக்கலாம், ஆனால் மழை பேரம் பேசாது, அம்மாளின் பட்டு நனைகிறது… உள்ளே போய்விடலாமா, களஞ்சிய அறைக் கதவு திறந்துதான் கிடக்கிறது… இல்லை, படியிறங்கி அவர்கள் நடுவில் போகிறான். “என்னைப் பிடிக்காட்டி நாளைக்கே என்னை இறக்குங்கோ. இண்டைக்கு அம்மாளை ஏத்துங்கோ.” எட்டுப்பேரில் முதலில் கபிலன் தடிக்குக் குனிகிறான், பிறகு இன்னொருவன், பிறகு ஒவ்வொருவராக… அந்த அரசர் பேசியபோதும் வாள்கள் தாழ்ந்தனவாம், ஒருவனுடையது மட்டும் தாழவில்லையாம். பாலேந்திரன் குனியவில்லை, இவனுடைய நெற்றிக்கு மேலே பார்த்துக்கொண்டே நிற்கிறார், அங்கே என்ன, கை போகிறது, விரலில் பட்டு… பரிவட்டம். காலையில் ஐயர் கட்டினார், தலைவர் தலையைக் குனியுங்கோ என்றார், குனிந்தான், எல்லோருடைய மரியாதையையும் வெட்டியவன் இதை ஒரு மரியாதையென்றே நினைக்கவில்லையே, இப்போது அவிழ்த்தால் பயந்தவன், அவிழ்க்காவிட்டால்… பொலிஸ்காரி கிட்டே வருகிறாள், தடி ஒருபக்கம் சாய்கிறது, பின்னுக்கு நாலு தோள், முன்னுக்கு மூன்று, இவன் தலையில் ஒரு பட்டு.