இரண்டு சத்தம்

...இல்லை, வலது பக்கம் இல்லை. வலது பக்கமாக இருந்தால் முழங்காலுக்கு அருகில் கேட்க வேண்டும், இது தலைமாட்டில் கேட்கிறது, டொக் என்று மொத்தையாக ஒன்று, அதன் பின்னாலேயே ணங் என்று ஒன்று, அதுவும் வண்டி இடது பக்கம் திரும்பும்போது மட்டும்... நேராகப் போனால் மூச்சில்லாமல் கிடக்கிறது. காதைப் பலகையில் இன்னும் அழுத்தினேன், கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது, புழுவாகத்தான் இருக்கும், கருவாட்டு மூட்டைகளிலிருந்து ஒழுகிய நீர் பலகை இடுக்குகளில் தேங்கி, காய்ந்து, மறுபடி நனைந்து, கோந்து மாதிரி ஆகியிருந்தது. மூக்கால் மூச்சு விட்டால் நாற்றம், வாயால் விட்டால் நாற்றத்தின் ருசி, இரண்டில் எது தேவலை என்று யோசித்தபடி காஜா பெராங் சாலையில் நான் ஓட்டுகிற வண்டிக்குள்ளேயே ஒரு மூட்டையாக உருண்டுகொண்டிருந்தேன். ஓட்டியவர் பட்டறை பொன்னுதுரை. யாழ்ப்பாணத்துக்காரர், துப்புரவானவர், பின்கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன காணும் இது, வானோ கருவாட்டுப் பானையோ? நான் உதுக்குள்ள படுக்க மாட்டன். நீர் படும், நான் ஓட்டுறன், காதை வடிவா வைச்சுக் கேளும்" என்று சொல்லிவிட்டார். நின்ற வண்டியில் அந்தச் சத்தம் வராது, ஓடுகிற வண்டியில் ஒருவன் படுத்துக் கேட்டால்தான் உண்டு, நாற்றம் பழகியவன் நான்தானே.

மணி மூன்று இருக்குமா? ஐந்து மணிக்குள் சத்தம் நிற்க வேண்டும். காலையில் கிடங்கு ஜப்பான்காரன் என் பக்கத்தில் உட்கார்ந்து பத்து பெரெண்டாம் வரை வந்தான், மரவள்ளிக்கிழங்கு ஏற்ற. ஒவ்வொரு இடது திருப்பத்திலும், "இனி பூஞி அபா?" என்று தனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் கேட்டான், இது என்ன சத்தம், இது என்ன சத்தம்... எனக்குத் தெரியாது துவான் என்று சொல்லச் சொல்ல அவன் கழுத்து சிவந்தது. இறங்கும்போது ஐந்து விரலைக் காட்டினான், ஐந்து மணி, பிறகு வடக்கே கையை நீட்டி, "சயாம்" என்றான், ரயில் பாதை போட ஆட்களை அள்ளிக்கொண்டுபோகிற காடு, போனவன் எவனும் திரும்பியதில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான், பல்லில் கீரைத் துணுக்கு ஒட்டியிருந்தது, அந்தப் பச்சையைப் பார்த்தபடியே இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். குனியக் குனிய என் முதுகே எனக்கு அருவருப்பாக இருந்தது, எவ்வளவு சுலபமாக மடிகிறது பார், எண்ணெய் போட்ட கீல் மாதிரி.

சண்டைக்கு முன்னால் இது ரொட்டி வண்டி. முதலாளி ஓடிப்போன பிறகு ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான், என்னையும் சேர்த்து. பெட்ரோல் கிடையாது, பின்னால் இரும்புச் சட்டம் அடித்து ஒரு கரி அடுப்பை ஏற்றி, அந்தப் புகையில்தான் ஓடியது, எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய். அடுப்பைக் கிண்டிவிட ஒரு ஆள் வேண்டுமென்று என் மனைவி அஞ்சலையின் அண்ணன் நல்லையாவைச் சேர்த்துவிட்டேன். நாற்பது வயது, இழுப்புக்காரர், கரிப்புகையில் நின்று இருமிக்கொண்டே பேசுவார். "மாப்ள, ரொட்டி வண்டி கருவாட்டு வண்டியாயிருச்சு, நாளைக்குப் பொண வண்டியாவும் பாருங்க. அப்பவும் நீங்கதான் டிரைவரு, நான்தான் சரக்கு." சிரித்தோம், என்ன சிரிப்பு அது... டொக், ணங். செமாபோக் பக்கம் திரும்புகிறார் போலிருக்கிறது. தலைமாட்டிலிருந்து இடது காதுக்கு வந்துவிட்டது, அடுப்புச் சட்டத்துக்குக் கிட்டே, இன்னும் ஒரு சாண். நாலு மாதமாயிற்று, நல்லையா போய். சத்தம் வந்து மூன்று வாரம்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்?

ஒரு ஸ்பானர். கிடங்குச் சாமான், சட்டத்தின் போல்ட்டுகளை முறுக்க எங்களிடம் கொடுத்தது. அடுப்புப் பக்கத்தில் சூடு தாங்காமல் நல்லையா அதன் பிடியில் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி வைத்திருந்தார், அஞ்சலைதான் அந்த டியூபைக் கத்தரித்துக் கொடுத்தாள். தினமும் மாலையில் எங்கள் வாசலில் வண்டி நின்றதும் அதைச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். சனிக்கிழமை சாமான்களைப் பரிசோதித்தபோது ஸ்பானர் இல்லை. ஜப்பான்காரன் என்னை அறைந்தான், இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று, மறுபடி இடது... நாலாவது அறைக்குக் கை ஓங்கியபோது என் வாய் திறந்தது. நல்லையா எடுத்திருப்பான் துவான். எடுத்தான் என்று சொல்லவில்லை, எடுத்திருப்பான் என்றுதான் சொன்னேன், மலாயில் அந்த வித்தியாசம் சரியாக வந்ததா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன், அதைப் போய் யோசிக்கிற மூளையை என்ன சொல்ல? நல்லையா என்னைப் பார்த்தார். கோபமில்லை, புரியாத மாதிரி, கூப்பிட்ட பெயர் தன் பெயர்தானா என்பது மாதிரி. "மாப்ள, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார், அதற்குள் இருமல் வந்துவிட்டது. அந்த வாரமே அவரைத் தம்பின் ஸ்டேஷனில் சயாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள்.

நான் நம்பித்தான் சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம் துண்டில் முடிந்து கொஞ்சம் அரிசி கொண்டுவந்தாரே, எங்கிருந்து வந்தது? ஊரெல்லாம் கிழங்கு தின்னும்போது இவருக்கு மட்டும் அரிசி யார் கொடுப்பார்? எதையோ திருடி விற்றவர்தான் ஸ்பானரையும் கள்ளச் சந்தையில் தள்ளியிருக்கிறார் என்று அஞ்சலையிடம் சொன்னேன். உன் அண்ணன் திருடினான், பிடித்துவிட்டார்கள், நான் என்ன செய்ய முடியும்? அந்த அரிசியை வடித்தபோது நான்தான் முதல் பந்தி, கஞ்சித்தண்ணியைக்கூட விடாமல் குடித்தேன்.

டொக், ணங். இங்கேதான், உள்ளங்கைக்கு நேர் கீழே. பலகையை முட்டியால் இடித்து நிறுத்தச் சொன்னேன். பொன்னுதுரை சாலையோரம் நிறுத்தி, "என்ன, பிடிச்சிட்டீரோ?" என்று முன்னாலிருந்தே கத்தினார், இறங்கவில்லை. கருவாட்டு நீரில் ஊறி அந்தப் பலகை மக்கிப் போயிருந்தது, விரலை விட்டு இழுத்ததும் ரொட்டித்துண்டு மாதிரி பிய்ந்து வந்தது. கீழே மரத்துக்கும் அடுப்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு பள்ளம், வாய்க்கால் மாதிரி. கையை விட்டேன், கொழகொழவென்று சேறு, செதில், என்னவோ நெளிந்தது, பிறகு ரப்பர். சுற்றிய ரப்பர். வெளியே எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கைக்குத் தெரிந்துவிட்டது. ரப்பர்ப் பிடி மரத்தில் மோதினால் டொக், இரும்புத் தலை சட்டத்தில் மோதினால் ணங்.

யார் வைத்தது? இதையும் கேட்டுக்கொண்டேன், பதில் தெரிந்துகொண்டே. அந்த வெள்ளிக்கிழமை நல்லையாவுக்கு இழுப்பு அதிகமாகி வீட்டில் படுத்துவிட்டார், வண்டியில் நான் தனி. புக்கிட் பாரு போகிற வழியில் சட்டம் ஆடியது, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து போல்ட்டை முறுக்கினேன், கண்ணில் கரி விழுந்தது, துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, முகத்துக்கு மேலே தெரிந்த விளிம்பில் ஸ்பானரை வைத்தேன்... வைத்தேன், கண்ணைத் துடைத்தேன், நகர்ந்து வெளியே வந்தேன், புறப்பட்டேன். அவ்வளவுதான். பலகை மக்கும் வரை அது இறுகிக் கிடந்திருக்கிறது. என் கை வைத்த இடத்தில் அப்படியே. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது, நாலு மாதமாகக் கண்ணுக்குள்ளேயே கிடந்தது, மேலே வரவில்லை: ஜப்பான்காரன் முன்னால் நின்றபோது நல்லையாவின் காதில் கடுக்கன் இல்லை. வெறும் ஓட்டைகள். கடுக்கனைக் கழற்றிக் கொடுத்துத்தான் எங்களுக்கு அரிசி வாங்கி வந்திருக்கிறார், அந்தக் காதைப் பார்த்துக்கொண்டேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பின்கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கக்கினேன், புளித்த கிழங்கு, நாக்கை வழித்தும் ருசி போகவில்லை.

"என்ன காணும் அது?" என்றார் பொன்னுதுரை. கல் என்றேன். "கல்லோ? கல்லு என்னெண்டு உதுக்குள்ள போனது?" தெரியாது, தெறித்து ஏறியிருக்கும் என்றேன். "உம்மட வானுக்குப் பேய் பிடிச்சிருக்கெண்டு நினைச்சன், கல்லுப் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வேட்டிக்குள் இடுப்போடு அந்த இரும்பு, ஈரமாக, வயிற்றைத் தொட்டுக்கொண்டு. கிடங்குக்குக் கொண்டுபோகலாம்தான். இதோ கிடைத்துவிட்டது, அந்த ஆள் திருடவில்லை என்று சொல்லலாம்தான். சொன்னால் ரயில் திரும்பி வருமா? வராது. ஆனால் நான் போவேன்... இந்தக் கணக்கை எவ்வளவு வேகமாகப் போட்டேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஜீரணமாகவில்லை, மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட இல்லை. பட்டறைக்குப் பின்னால் பன்றிக் கழிவு ஓடுகிற சாக்கடை, கறுப்பாக, நுரையாக. மூத்திரம் போகிற மாதிரி நின்று அதில் விட்டேன். ஒரே ஒரு சத்தம், பிளக். ஐந்து மணிக்கு ஜப்பான்காரன் ஏறி உட்கார்ந்து இரண்டு இடது திருப்பம் திரும்பச் சொன்னான். சத்தமில்லை. என் தோளில் தட்டி, "பாகுஸ்" என்றான், நல்லது என்று. தட்டின இடத்தை வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

அஞ்சலை அடுக்களையில் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததே அவளுக்குத் தெரியாத மாதிரி இருந்தது, குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"என்னங்க, வண்டி சத்தம் நின்னுருச்சா?"

"ம்."

"என்னா இருந்துச்சு?"

"கல்லு."

கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது, தோல் சுருள் சுருளாக விழுந்தது.

"கல்லுக்கு ரெண்டு சத்தம் வருமாங்க?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, கிழங்கைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் ஏதோ சொன்னேன், பள்ளத்தில் உருண்டால் அப்படித்தான் கேட்கும் என்று. அவள் அடுப்பை ஊதினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, ஜப்பான்காரன் போகும் வரை, சயாமிலிருந்து திரும்பிய எலும்புக்கூடுகளை ஸ்டேஷனுக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்த நாட்களில்கூட, மறு வருடம் காய்ச்சலில் படுத்து என் மடியில் கண்ணை மூடிய வரை.

ஒன்று மட்டும். அந்த மூன்று வாரமும் மாலையில் எங்கள் சந்துக்குள் வண்டி இடது பக்கம் திரும்பும்போது அஞ்சலை வாசலுக்கு ஓடி வருவாள். ஈரக்கையோடு, சில நாள் அகப்பையோடு. வந்து நின்று வண்டியையே பார்ப்பாள். அண்ணனும் போய்விட்டார், இவனுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து எனக்காக வருகிறாள் என்று நினைத்தேன், அந்த ஒரு நினைப்பில்தான் அந்த நாட்களை ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். சத்தம் நின்ற அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை, எஞ்சின் எப்போதும் போலத்தான் இரைந்தது, அந்த டொக், ணங்தான் இல்லை, நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், வாசல் காலியாக இருந்தது, உள்ளேயிருந்து கிழங்கு வெட்டுகிற சத்தம் மட்டும்...